காற்றடித்தால் மடங்கும் சிலிக்கோன் விரல்: செய்முறை

பக்கவாதத்தில் கை விழுந்தவர்களுக்கு ரோபோ கையுறை இருக்கிறது என்று சொன்னால், பெங்களூர் அல்சூரில் எங்கள் பிசியோதெரபி அறைக்கு வருகிறவர்கள் இரும்புக் கையை நினைத்துப் பயப்படுகிறார்கள். அதனால் மேசைமேல் ஒரு சிலிக்கோன் விரல் வைத்திருக்கிறேன். 2011-இல் ஹார்வர்டில் வேதியியலாளர் ஒயிட்சைட்ஸின் குழு வெளியிட்ட வடிவத்தின் எளிய நகல்தான்.

எலக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க எஸ்.பி. ரோட்டுக்கு அலைய வேண்டாம். மோட்டார், சர்க்யூட் எதுவும் இதில் கிடையாது. ஈகோஃப்ளெக்ஸ் 00-30 சிலிக்கோன், 3டி பிரிண்டரில் எடுத்த பி.எல்.ஏ. பிளாஸ்டிக் அச்சு, மெல்லிய ட்யூப், 50 மில்லி சிரிஞ்சு, ஒரு துண்டுத் தாள் போதும். அச்சு இரண்டு பாகம். மேல்பாகத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், அவற்றை இணைக்க ஒரு குறுகிய வழி. அடிப்பாகம் வெறும் தட்டு.

சிலிக்கோன் ஏ, பி என்று இரண்டு திரவங்களாக வரும்; இரண்டையும் சம அளவில் ஊற்றி, டப்பாவின் ஓரங்களை வழித்துவிட்டு நிதானமாகக் கலக்குங்கள். லேடெக்ஸ் கையுறை கூடவே கூடாது. அதிலுள்ள கந்தகம் பட்டால் சிலிக்கோன் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கலவையை அச்சின் மேல்பாகத்தில் கொஞ்சம் உயரத்திலிருந்து மெல்லிய இழையாக ஊற்றினால் குமிழிகள் உடைந்துவிடும். இறுக நான்கு மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். டிசம்பர் குளிரில் பெங்களூரில் அதை நம்பாதீர்கள், காலைவரை விட்டுவிடுங்கள்.

அடிப்பாகத்துக்குப் பாதி ஊற்றி, தாளைப் படுக்கவைத்து, மீதியை மேலே ஊற்றுங்கள். சூட்சுமமே இந்தத் தாள்தான். காற்று போகும்போது மேல்பக்கம் நீளும், தாள் இருக்கும் பக்கம் நீளாது. வேறு வழியில்லாமல் விரல் தாள் பக்கமாக மடங்கும். தாள் இல்லாவிட்டால் சும்மா உப்பும், அவ்வளவுதான்.

அப்புறம் ஒட்டுவது. புதிதாகக் கலந்த சிலிக்கோனை அடிப்பாகத்தில் மெல்லிசாகத் தடவி, மேல்பாகத்தை அழுத்தாமல் வையுங்கள். தாராளமாகத் தடவினால் அது மேலேறி காற்று வழியை அடைத்துவிடும். இறுகியதும் முனையில் துளையிட்டு ட்யூபைச் செருகி, பஞ்சர் கடையில் பார்ப்பதுபோல் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். சிரிஞ்சை மெதுவாகத் தள்ளுங்கள்.

இதை நோயாளியின் விரலில் கட்டிவிடாதீர்கள். விறைத்த விரலை வலுக்கட்டாயமாக மடக்கினால் மூட்டு சேதமாகும். 2015-இல் ஹார்வர்டின் இன்னொரு குழு வெளியிட்ட ரோபோ கையுறையிலேயே உப்பாமல் இருக்க நார் சுற்றி, காற்றுக்குப் பதில் தண்ணீரை அழுத்தத்தோடு செலுத்தினார்கள். வேண்டுமானால் நோயாளியின் கையில் சிரிஞ்சைக் கொடுங்கள், அவரே தள்ளிப் பார்க்கட்டும்.