பரிந்துரை வழியாகப் புது வலைப்பதிவுகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

தேடுபொறியில் ஒரு தலைப்பைப் போட்டுப் பாருங்கள். பெரிய செய்தித் தளங்களும் பொருள் விற்கும் தளங்களும்தான் முன்னால் வந்து நிற்கும். தனி ஒருவர் பொறுமையாக எழுதிவரும் வலைப்பதிவு பல பக்கம் தள்ளி எங்கேயோ கிடக்கும். போதாததற்கு, தேட வேண்டுமென்றால் முதலில் பெயராவது தெரிய வேண்டும். இருப்பதே தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது?

இதற்காகவே ஒரு காலத்தில் ஸ்டம்பிள்அப்பான் என்ற சேவை இருந்தது. பொத்தானை அழுத்தினால் நம் விருப்பத்துக்கு ஏற்ற ஏதாவது ஒரு பக்கம் வரும். பிடித்தால் கட்டைவிரல் மேலே, பிடிக்காவிட்டால் கீழே. அவ்வளவுதான் வேலை. 2018இல் அதை மூடிவிட்டார்கள். இன்று அந்த வேலையைப் பல தளங்கள் பங்கு போட்டுச் செய்கின்றன. அவற்றைக் கொஞ்சம் திட்டமிட்டுப் பயன்படுத்தினால் நல்ல பதிவுகள் கிடைக்கும்; சும்மா விட்டுவிட்டால் குப்பைதான் சேரும்.

படி 1: ஒரே ஓர் இடத்தில் தொடங்குங்கள்

வேர்ட்பிரஸ் ரீடர், மீடியம், சப்ஸ்டாக், ஃபீட்லி என்று வாய்ப்புகள் நிறைய. நான்கிலும் கணக்கு தொடங்கினால் நான்குமே உங்களை அரைகுறையாகத்தான் புரிந்துகொள்ளும். நீளமான கட்டுரைகள் பிடிக்குமென்றால் சப்ஸ்டாக் அல்லது மீடியம். தனி ஆட்கள் நடத்தும் பழைய பாணி வலைப்பதிவுகள் வேண்டுமென்றால் வேர்ட்பிரஸ் ரீடர். எல்லாத் தளங்களையும் ஒரே இடத்தில் வைத்துப் படிக்க ஃபீட்லி. கைபேசியில் தானாக வரும் கூகுள் டிஸ்கவரை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் செய்தியின் ஆதிக்கம் அதிகம்.

படி 2: தலைப்பைக் குறுக்குங்கள்

கணக்கு தொடங்கியதும் "உங்களுக்கு எதில் ஆர்வம்?" என்று கேட்பார்கள். கண்ணில் பட்டதையெல்லாம் தொட்டு வைக்காதீர்கள். "புகைப்படக்கலை" என்று கொடுத்தால் அதில் ஏற்கெனவே பிரபலமானவர்கள்தான் வருவார்கள். "ஃபிலிம் கேமரா", "பறவைப் படங்கள்" என்று குறுக்கிக் கொடுத்தால் சின்ன வலைப்பதிவுகள் எட்டிப் பார்க்கும். மூன்று நான்கு தலைப்புகள் போதும்.

படி 3: இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுங்கள்

கொஞ்சம் பொறுமை தேவைப்படும் படி இது. பரிந்துரை பெரும்பாலும் இரண்டு வழிகளில் வேலை செய்கிறது. ஒன்று, நீங்கள் படித்த பதிவின் சொற்களையும் டேக்குகளையும் பார்த்து, அதைப் போன்ற வேறு பதிவுகளைக் காட்டுவது. இன்னொன்று, நீங்கள் படித்ததையே படித்த மற்றவர்கள் அடுத்து எதைப் படித்தார்கள் என்று பார்த்து, அதை உங்களுக்கும் நீட்டுவது. புதுக் கணக்கில் இரண்டுக்குமே தீனி இல்லை. அதனால்தான் முதல் சில நாட்களுக்கு வரும் பரிந்துரைகள் சுவாரசியமே இல்லாமல் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "இது சரிப்படாது" என்று ஓடிவிட வேண்டாம்.

இன்னொரு விஷயம். உங்கள் மனதில் இருக்கும் விருப்பம் இயந்திரத்துக்குத் தெரியாது; உங்கள் விரல் செய்வதுதான் தெரியும். "இதைப் படித்தால் அதிர்ந்து போவீர்கள்" வகைத் தலைப்பை எரிச்சலோடு திறந்தாலும், அது கணக்கில் ஆர்வமாகவே பதிவாகலாம். ஆகவே:

- பிடித்த பதிவைக் கடைசி வரை படியுங்கள், லைக் போடுங்கள். எழுதியவரையே பிடித்துப்போனால் ஃபாலோ செய்யுங்கள்.
- பிடிக்காததைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள். பதிவின் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டால், இதுபோல் குறைவாகக் காட்டு, இவரை மறைத்துவிடு என்ற பொருளில் ஏதாவது ஒரு வசதி அநேகமாக இருக்கும். பலரும் இதைத் தொடுவதே இல்லை. லைக்கைவிட இதுதான் முக்கியம் என்பேன்.
- வெறும் ஆவலில் எதையாவது பார்க்க வேண்டுமென்றால், உலாவியின் மறைநிலைச் சாளரத்தில், கணக்கில் நுழையாமல் பாருங்கள்.

படி 4: கிடைத்ததைச் சோதியுங்கள்

ஒரு பதிவு பிடித்துவிட்டது என்பதற்காக உடனே சந்தா செய்ய வேண்டாம். பழைய பதிவுகள் மூன்றையாவது திறந்து பாருங்கள். "என்னைப் பற்றி" பக்கத்தையும் படியுங்கள். ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி எழுதி, ஒவ்வொன்றின் முடிவிலும் எதையாவது வாங்கச் சொன்னால் அதை விட்டுவிடலாம். கடைசிப் பதிவு பல வருடங்களுக்கு முந்தையது என்பதற்காக மட்டும் ஒன்றை ஒதுக்காதீர்கள். நின்றுபோன வலைப்பதிவின் பழைய பதிவுகளில் நல்ல சரக்கு கிடைப்பதுண்டு.

படி 5: உங்கள் சொந்தப் பட்டியலுக்கு மாற்றுங்கள்

பரிந்துரைத்த தளம் நாளைக்கே தன் விதிகளை மாற்றலாம், கடையையே மூடலாம். அங்கே ஃபாலோ செய்துவிட்டோம் என்று நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. பிடித்த வலைப்பதிவை ஃபீட் ரீடரில், அதாவது பல தளங்களின் புதுப் பதிவுகளை ஒரே பட்டியலில் காட்டும் சேவையில், சேர்த்துவிடுங்கள். ஃபீட்லி, இனோரீடர் இரண்டுக்கும் இலவசக் கணக்கு உண்டு. தொடங்க அது போதும். 1999இல் வந்த ஆர்எஸ்எஸ் என்ற பழைய நுட்பம்தான் இதற்கு அடிப்படை. புதுப் பதிவு வந்தால் உங்கள் பட்டியலுக்கு வந்துவிடும். எதைக் காட்டலாம் என்று நடுவில் யாரும் முடிவு செய்வதில்லை.

வலைப்பதிவின் முகவரியை ரீடரின் தேடல் பெட்டியில் ஒட்டினாலே பெரும்பாலும் அதன் ஃபீடை (புதுப் பதிவுகளை ரீடருக்குத் தெரிவிக்கும் கோப்பை) கண்டுபிடித்துவிடும். கிடைக்காவிட்டால், வேர்ட்பிரஸ், சப்ஸ்டாக் தளங்களுக்கு முகவரியின் இறுதியில் ஒரு சாய்கோடு போட்டு, ஃபீட் என்ற சொல்லை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம், மாதம் ஒருமுறை பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக (ஒரு ரீடரிலிருந்து இன்னொன்றுக்குப் பட்டியலைக் கொண்டுபோக உதவும் கோப்பு வகை) இறக்கி வையுங்கள். அமைப்புகளில் எக்ஸ்போர்ட் என்று இருக்கும். 2013இல் கூகுள் ரீடரை மூடியபோது, தங்கள் பட்டியலை முன்கூட்டியே இறக்கி வைத்தவர்கள் அதை அப்படியே வேறு ரீடருக்குக் கொண்டுபோக முடிந்தது.

படி 6: மனிதர்களின் பரிந்துரையைப் பிடியுங்கள்

நல்ல வலைப்பதிவு ஒன்று கையில் கிடைத்துவிட்டால், அதன் பிறகு அல்காரிதத்தின் தயவு அவ்வளவாகத் தேவைப்படாது. பல வலைப்பதிவுகளின் ஓரத்தில் "நான் படிப்பவை" என்று ஒரு பட்டியல் இருக்கும். பிளாகரில் எழுதுபவரின் சுயவிவரப் பக்கத்தில், அவர் பின்தொடரும் வலைப்பதிவுகள் சில நேரம் தெரியும். சப்ஸ்டாக்கில் எழுத்தாளர்களே பிற எழுத்தாளர்களைப் பரிந்துரைக்கும் வசதி 2022இல் வந்தது. பதிவுகளுக்குள் வரும் இணைப்புகளையும் தொட்டுப் பாருங்கள். இரண்டு வேறு வலைப்பதிவர்கள் ஒரே ஆளைச் சுட்டினால், நான் யோசிக்காமல் போய்ப் படித்துவிடுவேன்.

ஒரே மாதிரி வர ஆரம்பித்தால்

சில வாரங்களில் பரிந்துரை ஒரே வட்டத்தில் சுற்றத் தொடங்கும். அப்போது பழைய தலைப்புகளில் ஒன்றை நீக்கிவிட்டு, சம்பந்தமே இல்லாத புதுத் தலைப்பு ஒன்றைச் சேருங்கள். வாசிப்பு வரலாற்றை அழிக்க வழி இருந்தால் அதையும் செய்யலாம்.

ரீடரில் படிக்காத பதிவுகள் நூற்றுக்கணக்கில் குவிந்துவிட்டால் பதற வேண்டாம். எல்லாவற்றையும் படித்ததாகக் குறிக்க ஒரு பொத்தான் இருக்கும், அழுத்திவிடுங்கள். எந்த வலைப்பதிவை ஒவ்வொரு முறையும் திறக்காமலே தாண்டுகிறீர்களோ, அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.