சிஸ்டம் நின்றுவிட்டதா? த்ரெட் லைப்ரரியைச் சோதிக்கும் முறை

வேலூர், காட்பாடி பக்கத்துக் கல்லூரி லேப்களில் பைத்தான் ப்ராஜெக்ட் ஓடும்போது லினக்ஸ் மெஷின் அசையாமல் நின்றால், பவர் பட்டனுக்குப் போகாதீர்கள். அணைத்தால் தடயமும் போய்விடும். நிரலைப் பல த்ரெட்களாக, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி இழைகளாக, ஓட்டும் லைப்ரரிதான் காரணமா என்று முதலில் பாருங்கள்.

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தி எழுத்துத் திரையில் லாகின் செய்யுங்கள். வரவில்லையா? பக்கத்து மெஷினிலிருந்து எஸ்எஸ்ஹெச் போடுங்கள் (நெட்வொர்க் வழியே லாகின் செய்வது). ‘டாப்’ கொடுத்து 1-ஐத் தட்டினால் பிராசஸரின் ஒவ்வொரு கோரும், பெரிய எழுத்து எச்-ஐத் தட்டினால் ஒவ்வொரு த்ரெட்டும் தெரியும். ‘சென்சார்ஸ்’ கட்டளையில் சூட்டையும் பாருங்கள். நம்ம ஊர் கத்திரி வெயிலில், தூசி அடைத்த ஃபேனோடு பிராசஸர் கொதித்து வேகத்தைக் குறைத்தாலும் ஹேங் போலவே இருக்கும். பழி மட்டும் லைப்ரரிமேல் விழும்.

சூடு சரி, ஆனால் எல்லாக் கோரும் 100% என்றால் த்ரெட் கூடிப்போச்சு. பைத்தானின் எண் கணக்கு லைப்ரரியான ‘நம்பை’ கணக்குப் போட அழைக்கும் ஓபன்பிளாஸ் என்ற இன்னொரு லைப்ரரி, வழக்கமாகக் கோருக்கு ஒரு த்ரெட் திறக்கும். 8 கோர் மெஷினில் நீங்கள் 8 ப்ராசஸ் கிளப்பினால் மொத்தம் 64. மெமரியும் தீர்ந்து ஸ்வாப்புக்கு (மெமரிக்குப் பதிலாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) போனால் மவுஸ்கூட நகராது. ‘ஓபன்பிளாஸ் நம் த்ரெட்ஸ்’ என்ற சூழல் மாறியை (எல்லாம் பெரிய எழுத்து, இடையில் அடிக்கோடு) 1 ஆக்குங்கள். நம்பையை இம்போர்ட் செய்யும் முன்பே ஆக்க வேண்டும். பிறகு மாற்றினால் பலிக்காது.

கோர்கள் சும்மா இருக்க, உங்கள் நிரல் மட்டும் நின்றிருந்தால் அது பெரும்பாலும் டெட்லாக், அதாவது ஒன்றிடம் உள்ள பூட்டுக்காக இன்னொன்று காத்து த்ரெட்கள் நின்றுபோவது. மொத்த சிஸ்டத்தையும் அது முடக்குவது அரிது. சூடோவோடு (நிர்வாகி அனுமதியோடு) ஜிடிபி என்ற டீபக்கரை அந்த நிரலின் பிஐடியில் (ப்ராசஸ் எண்ணில்) இணைத்து ‘த்ரெட் அப்ளை ஆல் பிடி’ (பிடி என்பது பேக்ட்ரேஸின் சுருக்கம்) கொடுங்கள். ‘லாக் வெயிட்’ என்று முடியும் பெயர்களில் நிற்பவைதான் காத்திருக்கும் த்ரெட்கள். சி நிரலை ‘-ஜி’ சேர்த்து கம்பைல் செய்திருந்தால், மியூடெக்ஸை (பூட்டை) ப்ரின்ட் செய்யும்போது ‘ஓனர்’ என்ற எண் வரும். பூட்டைப் பிடித்திருக்கும் த்ரெட் அதுதான். ‘இன்ஃபோ த்ரெட்ஸ்’ பட்டியலில் அந்த எண்ணைத் தேடுங்கள். அந்த த்ரெட்டும் இன்னொரு பூட்டுக்காக, அதுவும் முதல் த்ரெட்டிடம் இருப்பதற்காகக் காத்திருந்தால், நிரல் முழுக்க ஒரே வரிசையில் பூட்டுங்கள்.

பட்டியலில் அந்த எண்ணே இல்லையா? பெரும்பாலும் ஃபோர்க், அதாவது ஓடும் ப்ராசஸை அப்படியே நகலெடுப்பதுதான் காரணம். ஃபோர்க் செய்தால் அழைத்த த்ரெட் மட்டுமே புது ப்ராசஸுக்கு வரும். மற்றவை பிடித்திருந்த பூட்டுகளைத் திறக்க அங்கே ஆளில்லை. பைத்தானின் மல்டிப்ராசஸிங் மாட்யூலில் தொடக்க முறையை ‘ஸ்பான்’ (நகலெடுக்காமல் புதிதாகத் தொடங்குவது) ஆக்குங்கள். பைத்தான் 3.14 முதல் லினக்ஸில் ஃபோர்க் இயல்பான முறையாக இல்லை. பழைய பதிப்பு என்றால் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.