ஆங்கிலச் சிற்றூரில் ஒரு பழைய வீட்டின் வரலாற்றைத் தேடும் முறை

விடுமுறைக்கு ஓர் ஆங்கிலச் சிற்றூரில் வீடு எடுத்துத் தங்குபவருக்கும், அங்கேயே வீடு வாங்க எண்ணுபவருக்கும் முதல் நாளிலேயே தோன்றும் கேள்வி, இந்த வீட்டுக்கு வயது என்ன, இதில் யார் யார் குடியிருந்தார்கள் என்பதுதான். வீட்டுத் தரகரின் விளம்பரத்தாளும் ஊர் மதுக்கூடமும் உடனே ஒரு பதிலைத் தந்துவிடும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். நம்புவதைத் தள்ளிப்போடுவது நல்லது. இன்றைய ஆவணத்தில் தொடங்கி, அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது எனப் படி தாண்டாமல் பின்னோக்கிப் போவதே உருப்படியான வழி. வாசற்கல்லில் 1620 என்று பொறித்திருப்பதைக் கண்டு அங்கிருந்து முன்னோக்கி வருபவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டின் கதையைத்தான் எழுதி முடிப்பார். அந்த ஆண்டு திருமணத்தையோ பழுதுபார்த்ததையோ குறிக்கலாம். கல்லே வேறோரிடத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

காகிதங்களைத் தேடுமுன் வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும், அதுவும் பக்கவாட்டிலிருந்து. சஃபோக் கவுண்டியின் (மாவட்டம் போன்ற பிரிவு) லாவன்ஹம் போன்ற ஊர்களில் தெருவை நோக்கிய சுவர் நேர்த்தியான செங்கல்லாக, 18ஆம் நூற்றாண்டின் சீரான சன்னல்களோடு நிற்கும். பக்கத்துச் சந்துக்குள் பத்தடி நடந்தால் அந்தச் செங்கல் ஒரு முழங்கை அகலத்தோடு முடிந்து, அதன்பின் மரச்சட்டமும் சுண்ணாம்புச் சாந்தும் தொடங்குவதைக் காணலாம். மேல்தளம் கீழ்தளத்தைவிடச் சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருந்த தடமும் சில இடங்களில் தெரியும். முகப்பு மட்டுமே புதியது. வீடு அதற்கு இருநூறு ஆண்டுகள் மூத்தது. லாவன்ஹம் நீலக் கம்பளித் துணியால் செழித்து, 1524ஆம் ஆண்டு வரிவிதிப்பின்போது இங்கிலாந்தின் செல்வம் மிக்க ஊர்களுள் ஒன்றாக இருந்தது. நெசவு நலிந்தபின் வீடுகளை இடித்துக் கட்ட அங்கே பணமில்லை. சந்தைத் திடலில் 1530ஐ ஒட்டிக் கட்டப்பட்ட, கில்ட் எனும் சங்கத்தின் மண்டபமே பின்னாளில் சிறையாகவும் ஏழைகள் விடுதியாகவும் பயன்பட்டது. இன்று விடுமுறையாளர்கள் படமெடுக்கும் அழகில் பெரும்பகுதி அந்த வறுமை காப்பாற்றிக் கொடுத்ததே.

இரண்டு கதைகளில் எச்சரிக்கை தேவை. சுவரில் அடைபட்ட சன்னல் எதைக் கண்டாலும் 1696 முதல் 1851 வரை சன்னல்களின் எண்ணிக்கைக்கேற்ப வாங்கப்பட்ட சன்னல் வரியால் அடைத்ததாகச் சொல்வார்கள். சில அப்படி அடைக்கப்பட்டவைதான். ஆனால் பல, முகப்பின் சமச்சீருக்காக முதலிலேயே குருட்டுச் சன்னலாகக் கட்டப்பட்டவை. உத்திரங்கள் பழைய கப்பல்களிலிருந்து வந்தவை என்பது மற்றொன்று. கடற்காற்றே எட்டாத உள்நாட்டு ஊர்களிலும் இதைச் சொல்வார்கள். உத்திரத்தில் எதுவும் செருகப்படாத வெற்றுத் துளைகள் இருப்பதுதான் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். அங்கே முன்பு ஒரு தடுப்புச் சுவர் இருந்து அகற்றப்பட்டிருக்கும், அல்லது வேறொரு கட்டடத்து மரம் மீண்டும் பயன்பட்டிருக்கும்.

ஆவணங்களில் முதலாவது நிலப்பதிவகத்தின் உரிமைப் பதிவேடு. அரசின் இணையதளத்தில் 7 பவுண்டு செலுத்தி எவரும் பதிவான எந்த வீட்டுக்கும் வாங்கலாம். எல்லை காட்டும் வரைபடத்துக்குத் தனியாக 7 பவுண்டு. இன்றைய உரிமையாளர் யார், ஃப்ரீஹோல்டா (நிலத்தோடு முழு உரிமை) லீஸ்ஹோல்டா (குறித்த காலக் குத்தகை), என்ன வில்லங்கம், வழிநடைக்கு யாருக்கு உரிமை என்பவை அதில் இருக்கும். பழைய வரலாறு பொதுவாக இருக்காது. இங்கிலாந்து முழுவதிலும் விற்பனையின்போது பதிவு கட்டாயமானது 1990 டிசம்பரில்தான் என்பதால், அதன்பின் கைமாறாத வீடுகளுக்குப் பதிவேயில்லாமலும் இருக்கலாம். வாங்குபவர்கள் தம் சொலிசிட்டர் (வாங்கலைக் கவனிக்கும் வழக்கறிஞர்) மூலம், மூலப்பத்திரங்கள் ஏதேனும் எஞ்சியுள்ளனவா என்று விற்பவரை எழுத்தில் கேட்டுவிட வேண்டும். 20ஆம் நூற்றாண்டுச் சட்டங்கள் பழைய பத்திரங்களின் தேவையைக் குறைத்துவிட்டதால் அவை மூட்டை மூட்டையாகத் தூக்கியெறியப்பட்டன. தோலில் எழுதப்பட்ட சில, விளக்கு மறைப்புகளாகவே மாறின.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1841 முதல் 1921 வரை பத்தாண்டுக்கொன்றாகப் பெயர்வாரியான ஏடுகள் திறந்துள்ளன. 1931ஆம் ஆண்டின் ஏடுகள் 1942இல் தீயில் அழிந்தன. 1941இல் போரினால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. அந்த இடைவெளியை 1939 செப்டம்பர் 29 அன்று எடுக்கப்பட்ட தேசியப் பதிவேடு ஓரளவு நிரப்புகிறது. புதியவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று இந்த ஏடுகளில் உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஏடுகளின் முதல் பத்தியில் உள்ள எண் வீட்டு எண் அன்று. படிவத்தின் வரிசை எண். நானும் ஒருமுறை 14 என்ற எண்ணைக் கண்டு மகிழ்ந்து, ஒரு செருப்புத் தைப்பவரின் குடும்பத்தை மூன்று வாரம் பின்தொடர்ந்தேன். அவர்கள் இருந்தது தெருவின் மறுகோடியில். சிற்றூர்களில் பல வீடுகளுக்கு அப்போது எண்ணே கிடையாது. ஆகவே இடம் மாறாத மதுக்கூடம், பாதிரியார் இல்லம், பள்ளி ஆகியவற்றை ஏட்டில் முதலில் அடையாளம் கண்டு, கணக்கெடுப்பாளர் நடந்த வழியை அவற்றுக்கிடையே வரைந்து பார்க்க வேண்டும். 1911ஆம் ஆண்டுப் படிவம் குடும்பத் தலைவரே கைப்பட நிரப்பிக் கையெழுத்திட்டது. சமையலறையையும் சேர்த்து அறைகள் எத்தனை என்று அதில் குறித்திருப்பதால், நீங்கள் நிற்கும் வீட்டோடு ஒப்பிட்டு உறுதிசெய்யலாம். 1841இல் மட்டும், பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். 35 என்று கண்டால் 39ஆகவும் இருக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தவை நில ஆவணங்கள் இரண்டு. 1910ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்காக நாட்டின் வீடுகளும் நிலங்களும் மதிப்பிடப்பட்டன. மதிப்பீட்டாளர்களின் களக் குறிப்பேடுகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஐஆர் 58 என்ற தொகுப்பில் உள்ளன. உரிமையாளர், குடியிருப்பவர், வாடகை ஆகியவற்றோடு அறைகள், பன்றிக்கொட்டில், கிணறு, கூரையின் நிலை வரை அவற்றில் காணக் கிடைக்கும். மற்றொன்று தசமபாக வரைபடம். விளைச்சலில் பத்திலொன்றைத் தேவாலயத்துக்கு அளக்கும் வழக்கத்தை, 1836ஆம் ஆண்டுச் சட்டம் பணமாகச் செலுத்தும்படி மாற்றியது. அதற்காக ஒவ்வொரு வயலுக்கும் வீட்டுக்கும் எண்ணிட்டு வரைந்தார்கள். வரைபடத்தில் உங்கள் வீட்டின் எண்ணைக் கண்டுபிடித்து, உடனிருக்கும் பட்டியலில் அதே எண்ணின் வரியைப் படித்தால் உரிமையாளர், குடியிருப்பவர், நிலத்தின் பெயர், பரப்பளவு ஆகியவை கிடைக்கும். முன்னரே வேலியடைப்பின்போது (பொது நிலங்களைத் தனியாருக்குப் பிரித்து அடைத்தபோது) தசமபாகம் தீர்க்கப்பட்ட ஊர்களுக்கு இவ்வரைபடம் இல்லாமல் போகலாம். அங்கே வேலியடைப்பு வரைபடத்தைக் கேளுங்கள். நாட்டின் நிலவரை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய ஊர் வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் சந்துகளைப் பார்க்க ஸ்காட்லாந்தின் தயவு.

அதற்கு முந்தைய காலம் கடினமானது. மானர் எனும் நிலப்பிரபுவின் பண்ணைப் பகுதிக்கான நீதிமன்றச் சுருள்கள் 1733 வரை பெரும்பாலும் லத்தீனில் உள்ளன. 1662 முதல் 1689 வரை வாங்கப்பட்ட அடுப்பு வரியின் பட்டியல் ஒருவர் வீட்டில் எத்தனை அடுப்புகள் என்று சொல்லும், எந்த வீடு என்று சொல்லாது.

வீடு வாங்குபவருக்கு இவ்வரலாறு வெறும் பொழுதுபோக்கு அன்று. பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் தேசியப் பட்டியலை இணையத்தில் பார்த்து, வீடு முதல் நிலையா, இரண்டு நட்சத்திர நிலையா, இரண்டாம் நிலையா என்று அறியவேண்டும். எந்நிலையாயினும் உட்புறமும் சேர்த்தே பாதுகாக்கப்படும். பட்டியலின் விவரிப்பில் படிக்கட்டு குறிப்பிடப்படவில்லை என்பதால் அதைப் பெயர்த்துவிட முடியாது. அனுமதியின்றி மாற்றுவது குற்றம். முந்தைய உரிமையாளர் செய்த மாற்றத்தையும் சரிசெய்யும்படி இன்றைய உரிமையாளருக்கு ஆணையிட முடியும், அதற்குக் காலவரம்பும் இல்லை. இன்னொரு பழங்கடன், சில நிலங்களோடு சேர்ந்தே வரும், தேவாலயத்தின் பலிபீடப் பகுதியைப் பழுதுபார்க்கும் பொறுப்பு. வார்விக்ஷயரின் ஆஸ்டன் காண்ட்லோவில் ஒரு பண்ணை வீட்டுத் தம்பதியிடம் இதற்காகச் சுமார் 95,000 பவுண்டு கேட்கப்பட்டு, 2003இல், அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2013 அக்டோபர் 13க்குப் பின் விலைகொடுத்து வாங்குபவரை, பதிவேட்டில் குறிக்கப்படாத இப்பொறுப்பு பொதுவாகக் கட்டுப்படுத்தாது. என்றாலும் சொலிசிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

விடுமுறையில் தேடப் போகிறவர்கள் கவுண்டி ஆவணக் காப்பகத்தின் திறப்பு நாட்களை முன்கூட்டியே பார்க்கவேண்டும். வங்கி விடுமுறை எனப்படும் பொது விடுமுறை நாட்களில் அவை மூடியிருக்கும், சில வாரத்தில் ஓரிரு நாட்களே திறக்கும். செப்டம்பரில் நடக்கும் பாரம்பரியத் திறப்பு நாட்களில், வழக்கமாக மூடியிருக்கும் பல கட்டடங்களுக்குள் இலவசமாக நுழையலாம். பழைய கட்டடங்களைச் சீரமைத்து விடுமுறைக்கு வாடகைக்கு விடும் லேண்ட்மார்க் அறக்கட்டளையின் கட்டடங்களில் தங்கினால், அந்தக் கட்டடத்தின் வரலாற்றுத் தொகுப்பு மேசையிலேயே இருக்கும்; ஒரு வீட்டின் வரலாற்றை எப்படி அடுக்குவது என்று பழக அது நல்ல பாடம். காப்பகத்துக்குள் பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் கொண்டு போகவேண்டும். எடுக்கும் ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் ஆவணத்தின் எண்ணை எழுதிவிடுங்கள். அதை எழுத மறந்த ஒரே ஒரு தாளுக்காக நான் அறுபது மைல் திரும்பிப் போயிருக்கிறேன்.