பால் காணுதா? நாப்பியை எண்ணுங்கள்

புதிதாகப் பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பால் காணுதா, போதுமா என்று பயம் வந்தால் மார்பை அமுக்கிப் பார்க்காதீர்கள், ஈர நாப்பியை எண்ணுங்கள். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடி, ஐந்தாம் நாளிலிருந்து 24 மணித்தியாலத்தில் 6 அல்லது அதற்கு மேல் நனைய வேண்டும். சிறுநீரும் வெளிர் நிறமாக இருந்தால் பால்மாவுக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

குடித்ததுதான் வெளியே வருகிறது. அழுகையோ, பம்பில் வந்த அளவோ அப்படி நம்பக்கூடியதல்ல; சில வாரங்களில் மார்பு இளகுவதும் இயல்புதான். முதல் நாட்களில் சீம்பால் கொஞ்சமாகத்தான் வரும், பிள்ளையின் வயிறும் சின்னது. அந்த நேரத்தில் மாமியோ பெரியம்மாவோ சொன்னார்கள் என்று போத்தல் கொடுத்தால் பிள்ளை மார்பில் குடிப்பது குறையும், அப்புறம் சுரப்பும் குறையும்.

பம்பர்ஸ் கட்டினால் ஈரம் சரியாகத் தெரியாது, எண்ணும் நாட்களில் துணியே நல்லது. தண்ணீரோ பால்மாவோ கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. மட்டக்களப்பில் கச்சான் காற்று வீசும் வெக்கையிலும் ஆறு மாதம் வரை தண்ணீர் தேவையில்லை, தாய்ப்பாலிலேயே அது இருக்கிறது.

நாப்பி குறைந்தாலோ, ஐந்தாம் நாளுக்குப் பிறகும் சிறுநீர் கடும் மஞ்சளாகவோ செங்கல் நிறமாகவோ இருந்தாலோ, பிள்ளை பாலுக்கு எழும்பாமல் சோர்ந்து கிடந்தாலோ, மிட்வைஃப் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.