நியூட்ரிஷன் முடிச்சிட்டு வெளிநாட்டுல எம்எஸ்சியா? கோர்ஸ் பேரை மட்டும் பாத்து பணம் கட்டாதீங்க

எந்த நாடுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு முடிவு பண்ணுங்க. ஆஸ்பத்திரில பேஷண்ட் பாக்குற டயட்டீஷியன் ஆகணுமா, இல்ல ரிசர்ச், பப்ளிக் ஹெல்த், ஃபுட் கம்பெனின்னு போகணுமா? நம்ம ஊர்ல ரெண்டையும் கலந்து பேசுவோம், வெளிநாட்டுல ரெண்டுக்கும் கோர்ஸே வேற.

எங்க செட்ல ஒருத்தி, "எல்லாம் ஒண்ணுதான்மா"ன்னு ஒரு ஏஜென்ட் சொன்னதை நம்பி யூகேல ஒரு வருஷ ஹியூமன் நியூட்ரிஷன் எம்எஸ்சி சேந்துட்டா. கோர்ஸ் நல்ல கோர்ஸ்தான், ஆனா அதை முடிச்சா ஆஸ்பத்திரி டயட்டீஷியன் வேலைக்கு போக முடியாதுன்னு அங்க போய்தான் அவளுக்கு தெரிஞ்சுது, அதுக்குள்ள லோன் போட்டாச்சு. யூகேல டயட்டீஷியன்ங்கிற பேரையே எச்சிபிசில (டயட்டீஷியன் மாதிரி ஹெல்த் வேலை பாக்குறவங்களைப் பதிவு பண்ற அமைப்பு) பதிவு பண்ணவங்க மட்டும்தான் போட்டுக்கணும், அது சட்டம். அதுக்கு படிக்க வேண்டியது ப்ரீ-ரெஜிஸ்ட்ரேஷன் டயட்டெடிக்ஸ் எம்எஸ்சி, பெரும்பாலும் 2 வருஷம், உள்ளேயே ஆஸ்பத்திரி பிளேஸ்மென்ட் வரும். எச்சிபிசி வெப்சைட்ல அப்ரூவ்டு கோர்ஸ் லிஸ்ட் இருக்கு, ஏஜென்ட் கிட்ட போறதுக்கு முன்னாடி அதைத் தொறந்து நீங்களே தேடிப் பாருங்க, 5 நிமிஷ வேலை.

இங்கயே டயட்டெடிக்ஸ் எம்எஸ்சி, இன்டர்ன்ஷிப் எல்லாம் முடிச்சவங்க இன்னொரு டிகிரிக்கு காசு கொட்டுறதுக்கு முன்னாடி எச்சிபிசில நேரா இன்டர்நேஷனல் அப்ளிகேஷன் போட்டுப் பாக்கலாம். ஐஇஎல்டிஎஸ்ல மொத்தம் 7 வேணும், எதுலயும் 6.5க்கு கீழ போகக் கூடாது. ஆஸ்திரேலியாலயும் இதே மாதிரி ரெண்டு வழி, டயட்டீஷியன்ஸ் ஆஸ்திரேலியாங்கிற அமைப்பு அங்கீகாரம் குடுத்த மாஸ்டர்ஸ் படிக்கலாம், இல்ல ஏற்கனவே டயட்டீஷியன்னா அவங்க வைக்கிற பரீட்சை எழுதலாம்.

அமெரிக்காவுக்கு போறவங்க ஒண்ணு கவனிங்க, 2024 ஜனவரி 1ல இருந்து ஆர்டிஎன், அதாவது பதிவு பெற்ற டயட்டீஷியன் ஆகுறதுக்கான பரீட்சை எழுதவே மாஸ்டர்ஸ் கட்டாயம். யுனிவர்சிட்டி எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் அந்த குறிப்பிட்ட கோர்ஸுக்கு ஏசென்ட் (அங்க டயட்டெடிக்ஸ் கோர்ஸுக்கு அங்கீகாரம் தர்ற அமைப்பு) அங்கீகாரம் இருக்கான்னுதான் பாக்கணும். நம்ம 3 வருஷ பிஎஸ்சியை சில இடத்துல ஏத்துக்க மாட்டாங்க, அப்ளிகேஷன் ஃபீஸ் கட்டுறதுக்கு முன்னாடியே மெயில் போட்டு கேட்டுடுங்க.

ரிசர்ச்தான் வேணும்னா எனக்கு பிடிச்சது நெதர்லாந்து வாகனிங்கன், நியூட்ரிஷன் அண்ட் ஹெல்த் எம்எஸ்சி 2 வருஷம், இங்கிலீஷ்லயே நடக்குது. ஜெர்மனில ஹோகன்ஹைம், கீசன், பான் எல்லாம் நியூட்ரிஷனுக்கு பேர் போனது, ஆனா "ஜெர்மனி ஃப்ரீ"ன்னு கண்ண மூடிட்டு நம்பாதீங்க, ஹோகன்ஹைம் இருக்கிற பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்துல நம்மள மாதிரி வெளியாளுங்களுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ ஃபீஸ். அதுபோக விசாவுக்கு பிளாக்டு அக்கவுன்ட்ல (போட்ட பணத்தை மாசா மாசம் கொஞ்சமாத்தான் எடுக்க முடியும்) ஒரு வருஷ செலவுக்கு 11,904 யூரோ காட்டணும், நம்ம டிகிரி உண்மைதான்னு சரிபார்த்து குடுக்குற ஏபிஎஸ் சர்டிபிகேட்டும் வேணும். அங்க ஆஸ்பத்திரி டயட் வேலைக்கு தனி ட்ரெய்னிங், அதுவும் ஜெர்மன் மொழில, அதனால டயட்டீஷியன் கனவோட அங்க போகாதீங்க.

ஸ்காலர்ஷிப்ல யூகே அரசு தர்ற செவ்னிங்னு எல்லாரும் சொல்லுவாங்க, அதுக்கு 2 வருஷ வேலை அனுபவம், அதாவது 2800 மணி நேரம் வேணும், படிச்சு முடிச்ச கையோட கிடைக்காது. ஃப்ரெஷர்னா ஐரோப்பிய யூனியனோட எராஸ்மஸ் முண்டஸ் பாருங்க, ஃபுட் பக்கம் ஃபிப்டெஸ்னு ஒரு கோர்ஸ் இருக்கு. எஸ்சி மாணவர்களுக்கு மத்திய அரசோட நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் இருக்கு, தமிழ்நாடு அரசும் அண்ணல் அம்பேத்கர் பேர்ல ஒண்ணு தருது, விசாரிக்காம விட்டுடாதீங்க.

கடைசியா சிலபஸ், இதுலதான் நெறைய பேர் மாட்டுறாங்க. டயட்டெடிக்ஸ் கோர்ஸ் எல்லாத்துக்கும் பயோகெமிஸ்ட்ரியும் பிசியாலஜியும் எவ்ளோ படிச்சீங்கன்னு தோண்டித் தோண்டி கேப்பாங்க, மார்க் ஷீட்ல பேப்பர் பேரு மட்டும்தான் இருக்கும், அது பத்தாது. ஒவ்வொரு பேப்பருக்கும் யூனிட், மணி நேரம், லேப் எல்லாம் இருக்கிற முழு சிலபஸை காலேஜ் சீல் வெச்சு வாங்கணும். ஆபீஸ்ல "அடுத்த வாரம் வாம்மா"ன்னு ஒரு மாசம் இழுப்பாங்க, அதனால ஃபைனல் இயர்லயே, உங்கள தெரிஞ்ச எச்ஓடி மேடம் சீட்ல இருக்கும்போதே மூணு செட்டா வாங்கி பீரோல வெச்சுடுங்க.