துரு ஏறிய பழைய கதவு, பானெட்: எடுக்கலாமா, விட்டுவிடலாமா?

கரூரில் பஸ் பாடி பட்டறையில் தகடு வேலை பழகியவன் நான். இப்போது வெள்ளக்கோவிலில் வீட்டை ஒட்டிச் சின்னதாக ஒரு டிங்கரிங் ஷெட். பழைய அம்பாசிடரைத் தயார் பண்ண ஆசைப்படும் பசங்கள் கோயம்புத்தூர் உக்கடம் பழைய இரும்புக் கடையில் நின்றுகொண்டே போட்டோ அனுப்பி, "அண்ணா, இந்தக் கதவை எடுக்கலாமுங்களா?" என்று கேட்பார்கள். போட்டோவில் துருவின் நிறம்தான் தெரியும். உள்ளே இரும்பு எவ்வளவு மிச்சம் என்பது கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. துரு இருந்தாலே வேண்டாம் என்று ஒதுக்கினால் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வராது. அதனால் எங்கே துரு பிடித்திருக்கிறது என்று பாருங்கள். தட்டையான இடத்தில் ஓட்டை விழுந்திருந்தால் பயப்பட வேண்டாம். ஓரத்து மடிப்போ, கீல் உட்காரும் இடமோ அரித்திருந்தால் சும்மா கொடுத்தாலும் யோசியுங்கள்.

காரணம் இதுதான். கதவின் வெளித்தகடு, உள் சட்டத்தின் ஓரத்தைச் சுற்றி மடிக்கப்பட்டிருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர், அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக வடிய வேண்டும். மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் அந்த மடிப்புக்குள்ளேயே தங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் மடிப்பு உள்ளிருந்து உப்பி விரியும். வெளியே பெயிண்ட் நன்றாகவே தெரியலாம். ஆனால் கட்டைவிரலை ஓரமாக ஓட்டிப் பார்த்தால் மேடும் பள்ளமும் தட்டுப்படும். அதைச் சரிசெய்ய மடிப்பைப் பிரித்து, கீழ்ப்பகுதியை அறுத்து, உள் சட்டத்தைப் புதிதாகக் கட்டி, திரும்ப மடிக்க வேண்டும். பாதிக் கதவைப் புதிதாகச் செய்கிற வேலை அது. நடுவில் ஓட்டை என்றால் 20 கேஜ் சி.ஆர். (குளிர்நிலையில் உருட்டிய இரும்பு) தகட்டில், அதாவது சுமார் 0.9 மி.மீ. கனத்தில், ஒரு துண்டு வெட்டி வைத்து, விட்டு விட்டுப் புள்ளி வைத்துப் பற்றவைத்தால் போதும். ஒரே மூச்சில் பற்றவைத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும்.

பானெட் அப்படி இல்லை. அம்பாசிடர் பானெட் நாலு பக்கமும் வளைந்து இறங்குவது. வளைவின் உச்சியில் ஓட்டை இருந்தால் அந்த வளைவைத் திரும்பக் கொண்டுவர நல்ல கை வேண்டும். உங்கள் டிங்கர் மேல் அந்த நம்பிக்கை இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அடியில் ஓடும் சட்டத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு காந்தம், துணித்துண்டு, ஸ்குரூடிரைவர், டார்ச் இவ்வளவு போதும். காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்துங்கள். பிடிப்பு தளர்கிற இடத்தில் பெயிண்டுக்கு அடியில் பட்டிப் பசை தடவியிருக்கிறது. ஸ்குரூடிரைவர் முனையால் மடிப்பையும் மூலையையும் அழுத்துங்கள். நல்ல தகடு எதிர்க்கும். செத்த தகடு அப்பளம் போல நொறுங்கும். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுக் குத்துங்கள், அவர் சம்மதிக்காவிட்டால் அதுவே பதில். அப்புறம் பின்பக்கம் டார்ச் அடித்து முன்னால் நின்று பார்த்தால் ஊசி முனை ஓட்டைகள்கூடத் தெரியும். புதிதாக ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து வைத்த சாமானைவிட, துருவோடு வெறும் தகடாகக் கிடப்பதையே நான் எடுப்பேன். அதில் மறைக்க ஒன்றுமில்லை.

வண்டி எந்த ஊரில் ஓடியது என்றும் கேளுங்கள். தாராபுரம், காங்கயம் பக்கம் காய்ந்த பூமி. இங்கேயே ஓடிய வண்டியின் துரு பெரும்பாலும் மேலோடு நிற்கும். வால்பாறை எஸ்டேட்டிலோ கடற்கரை ஊரிலோ கிடந்த வண்டி என்றால் மடிப்புகளை இரண்டு தடவை பாருங்கள். தோட்டத்துக்காரர் வண்டி என்றால் டிக்கித் தளத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பொட்டாஷ் மூட்டை ஏற்றியிருப்பார்கள். அதில் இருக்கும் குளோரைடு ஈரத்தை இழுத்துக்கொண்டு தகட்டைத் தின்றுவிடும்.

பானெட், கதவு, டிக்கி மூடி மாதிரி கழற்றி மாட்டும் சாமான்களுக்குத்தான் இதெல்லாம். அம்பாசிடருக்கு லாரி போலத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, பாடியேதான் பாரம் தாங்குகிறது. அதனால் கதவுக்கு அடியில் ஓடும் பெட்டிச் சட்டம், தளம், சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம் ஆகியவற்றுக்குத் துருப்பிடித்த துண்டை வாங்கவே கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. உள்ளே நாலு பேர் உட்காரப் போகிற வண்டி.

விலையைத் தனியாகப் பார்க்காதீர்கள். சாமான் விலையோடு டிங்கரின் கூலி, தகடு, கேஸ், பிரைமர் எல்லாம் கூட்டி, அதே கதவு நல்ல நிலையில் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பல நேரம் மலிவான கதவுதான் கடைசியில் அதிகச் செலவு வைக்கும். ஆனால் ஒன்றில் கீழ்ப்பக்கம் நன்றாக, இன்னொன்றில் மேல்பக்கம் நன்றாக இருந்தால் இரண்டையும் எடையில் போட்டு வாங்கலாம். அறுத்துச் சேர்த்தால் ஒரு முழுக் கதவு தேறும். கதவின் வடிவம் உங்கள் வண்டியோடு பொருந்துகிறதா என்று பார்க்க, வீட்டிலேயே கதவின் ஓரத்தை அட்டையில் வரைந்து வெட்டிக்கொண்டு போங்கள்.

பில் கேட்டு வாங்குங்கள். சேசிஸ் நம்பர் பொறித்த துண்டு எதையும் தொடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தி மண்ணை எடுத்து, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துரு மாற்றியை (ரஸ்ட் கன்வர்ட்டர்) கையுறை போட்டுக்கொண்டு தடவி, அது காய்ந்ததும் தாமதிக்காமல் பிரைமர் அடித்துவிடுங்கள்.