நேர்மாறு சார்பு: மார்க்கைத் தின்னும் தவறுகள்

மஞ்சக்குப்பத்து டியூஷனானாலும் லாஸ்பேட்டை டியூஷனானாலும், நேர்மாறு சார்பில் (f என்ற சார்பு x-ஐ y ஆக்கினால், அந்த y-யிலிருந்து x-ஐத் திருப்பித் தரும் சார்பு; குறியீடு f⁻¹) பிள்ளைகள் சறுக்கும் இடங்கள் மட்டும் மாறுவதே இல்லை. கூட்டல் கழித்தல் பிழைகளை விட்டுவிடுவோம், அவை பழகப் பழகச் சரியாகிவிடும்.

f⁻¹ என்பது 1/f அல்ல

f(x) = 3x + 5 என்றால் f⁻¹(x) = (x − 5)/3. அவ்வளவுதான்.

அவிழ்க்கும் வரிசை

கடைசியாகச் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும். ஆட்டோவில் ஏறியதும் 30 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 ரூபாய் கொடுத்தவர் போன தூரம்? 30-ஐக் கழித்து 15-ஆல் வகுத்தால் 6 கி.மீ. முதலில் வகுத்துவிட்டு அப்புறம் 30-ஐக் கழித்தால் −22. கடலூரிலிருந்து ஏறக்குறைய புதுச்சேரி வரைக்கும் ரிவர்ஸிலேயே போன கணக்கு!

± போட்டு முடிப்பது

எத்தனை தடவை சொன்னாலும் திரும்பி வரும், எரிச்சலூட்டும் தவறு இது.

f(x) = x² − 4x + 1, x ≤ 2. வர்க்கப் பூர்த்தி செய்தால் y = (x − 2)² − 3. அதிலிருந்து x = 2 ± √(y + 3). இந்த வரியோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். ஒரு y-க்கு இரண்டு x கிடைத்தால் அது சார்பே இல்லை.

இன்னும் சிலர் "ரூட்னா பாசிட்டிவ்தானே சார்" என்று கூட்டல் குறியை எடுத்துக்கொள்கிறார்கள். கேள்வியிலேயே மதிப்பகம் (x எடுக்கக்கூடிய மதிப்புகள்) x ≤ 2 என்று இருக்கிறது. ஆகவே கழித்தல் குறிதான். y இருக்கும் இடத்தில் x என்று மாற்றி எழுதினால்: f⁻¹(x) = 2 − √(x + 3), x ≥ −3. மதிப்பகம் x ≥ 2 என்று தந்திருந்தால் கூட்டல் குறி. எதுவும் தராமல் எல்லா மெய்யெண்களும் என்றால் நேர்மாறே கிடையாது. −1, 5 இரண்டுக்குமே f-இன் மதிப்பு 6.

சரிபார்க்கும்போதும் ஒரு பொறி உண்டு. தவறான 2 + √(x + 3)-ஐ f-க்குள் போட்டாலும் விடை x என்றே வரும். டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மறுபக்கமும் பாருங்கள்: f(−1) = 6. 6-ஐக் கூட்டல் குறி வடிவத்தில் போட்டால் 5 வருகிறது, கழித்தல் குறியில்தான் −1 திரும்பக் கிடைக்கிறது.

இரண்டு இடத்தில் x

y = (2x + 1)/(x − 3) என்றால் குறுக்குப் பெருக்கல் செய்து x உறுப்புகளை ஒரே பக்கம் கொண்டுவாருங்கள்: x(y − 2) = 3y + 1. f⁻¹(x) = (3x + 1)/(x − 2), x ≠ 2. அந்த x ≠ 2-ஐ எழுதாமல் விடாதீர்கள்.